எந்தப் பெடியள்

போமலின் போத்தலோடு பெயர் வரக்கூடாது,
எண் மட்டும்தான் விதி.
வெள்ளிக்கிழமை அவசரத்தில் யாரோ
மகன் கையொப்பமிட்ட படிவத்தையும் சேர்த்தே
கின்சி வீதிக்கு அனுப்பிவிட்டார்கள்.
எமரென்சியா கொரேரா. எழுபத்தொன்பது. கொட்டாஞ்சேனை.
தொழில்: நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், ஓய்வு.

மைக்ரோடோம் கைப்பிடியில் என் கை நின்றது.
பிறகு சுற்றியது.
கரண்ட் போனால் ஏசி போகும்,
மெழுகு இளகினால் நாடா கிழியும்,
வேறென்ன செய்ய.

வெங்காயத்தின் உள்தோலையும்விட மெல்லிசாய்
வெந்நீரில் மிதக்கவிட்டுக்
கண்ணாடியில் ஏந்தினேன்,
கடற்குதிரை என்று யாரோ பெயர் வைத்த அந்த வளைவை.
நினைவு முதலில் வந்து இறங்கும் துறை அதுதானாம்.

வெள்ளி ஏற்றிப் பார்த்தேன்.
செல்லுக்குள் கறுப்புச் சுவாலை போல முறுக்கு முறுக்காய்
டௌ.
அது எங்கிருந்தோ வந்த அந்நியன் இல்லை.
உங்கள் தலையிலும் என் தலையிலும் இந்த நேரம்
தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டை மாதிரி
இழைகளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் கிடக்கிறது.
ஒன்று பிடி விட்டுக் கோணுகிறது.
பக்கத்தில் நிற்பதும் அதைப் பார்த்துக் கோணுகிறது.
புதுக்கடையில் இதைக் கண்டிருக்கிறேன்:
பொய்ச்சாட்சி ஒருவன் கூண்டேறி இறங்குவான்,
அடுத்தவன் ஏறி
அதே இடத்தில் இருமி அதே சொல்லைச் சொல்வான்,
பின்னேரத்துக்குள் முழு வழக்கும்
அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்.

தொண்ணூற்றாறு, மாசி.
செட்டியார் தெரு லொட்ஜில் விடியப்புறம் பிடித்தார்கள்.
பொலிஸ் பதிவில்லை. சிங்களம் ஒரு சொல் இல்லை.
யாரோடு கொழும்புக்கு வந்தாய்?
பெடியளோட, என்றேன்.

அந்தச் சொல்லுக்கு அப்போது இரண்டு மடிப்பு.
ஒன்றில் பையன்கள்.
மற்றதில் துவக்கு.

அம்மா, நீங்கள் உடனே மொழிபெயர்க்கவில்லை.
நீதவானிடம் உத்தரவு கேட்டு
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
என் பக்கம் திரும்பினீர்கள்:
எந்தப் பெடியள்?
என்னோட சோதனை எழுதினவங்கள்.
மூன்று வினாடி இருக்கும்.
சரியான மடிப்பில் மடித்து
மேசைக்கு மேலே நீட்டினீர்கள்.
நான் வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடித்தேன்,
காசு கொடுக்க மறந்து திரும்பிப் போய்க் கொடுத்தேன்.

படிவத்தின் பின்புறம் மகனின் கையெழுத்து:
முதலில் ஆங்கிலம் போனது. அடுத்தது சிங்களம்.
தமிழும் உதிர்ந்து
கடைசி வருடம் ஒரே ஒரு சொல்.
சோறு வைத்தாலும், மருந்து நீட்டினாலும்,
அவனே முன்னால் நின்றாலும்
'எந்த?'

இரண்டாம் கண்ணாடிக்குச் சிவப்புச் சாயம்.
முனைவுற்ற ஒளியில் திருப்பினால்
செல்லுக்கு வெளியே அமிலாய்ட் பச்சையாய் மினுங்கும்.
ஆப்பிள் பச்சை என்கிறது புத்தகம்;
எனக்கென்னவோ கொய்யாப் பிஞ்சு.
இவ்வளவு அழகாக இருக்கத் தேவையில்லை.

எது முதல் எதிரி, வெளியே கிடப்பதா,
உள்ளே முறுகியதா?
டொக்டர் ருவந்தியிடம் கேட்டேன்.
இதே பச்சை தலை நிறைய இருந்தும்
சாகும்வரை கணக்குப் பிழைக்காதவர்களும் உண்டு என்றார்.
ஆக, தவணைக்குமேல் தவணை.

படிவத்தை உறையிலிட்டுத் திருப்பி அனுப்பினேன்.
கண்ணாடி ஓரத்தில் பென்சிலால் எண் எழுதினேன்.
வெள்ளி நைத்திரேற்று விரலில் கறுத்துவிட்டது,
கழுவிப் போகாது, நாலு நாள் எடுக்கும்.

பொரளையில் பஸ் ஏறினேன்.
வோட்டுப் போட்டாச்சா என்று
விரலைப் பார்த்துச் சிங்களத்தில் சிரித்தான் கொண்டக்டர்.
பிறகு, எங்கே இறங்க வேண்டும் என்றான்.
எனக்கு இப்போது சிங்களம் நன்றாகவே வரும்.
இன்றைக்கு மட்டும்
மூன்று வினாடி எடுத்தது.